கப்பிக் கயிறும் என் முதுகெலும்பும்

"சுளுக்கு" என்றார் டிரசர். எஸ்டேட்டில் மருந்து கொடுப்பவர் அவர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே, என் முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சொன்னார். தைலக் குப்பி ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, "அடுத்த ஆளு" என்று வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். இத்தனை வருஷம் கழித்தும் முதுகு வலிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது கோபம்தான். வலி அதற்குப் பின்னால்தான் வருகிறது.

அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மலாயாவில் கோல சிலாங்கூருக்குக் கிழக்கே ஆற்றோரத்து எஸ்டேட் ஒன்றில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கு அதே எஸ்டேட்டில் புகைக்கூட்டு வேலை. ரப்பர் ஷீட்டுகள் காயும்வரை அந்தத் தீ அவியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு ஒரே மகள், ரோசி. கல்யாணமாகாத என் நாத்தனார் லூர்து எங்களோடுதான் இருந்தாள்.

கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கிறவர்களுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோமாம். அதனால் காலையில் வேலைக்காட்டுக்குப் போகும்போது ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. கேட்டில் நிறுத்தி உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பார்கள். வெறும் வயிற்றோடு போய் மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, வேலிக்குள் திரும்பிய பிறகுதான் பசியாறலாம். பாலைத் தோளில்தான் சுமப்போம். காண்டா கம்பு என்று ஒன்று உண்டு. தோளில் வைத்து இரண்டு முனையிலும் வாளியை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

அந்த வாரம் பட்டாளம் காட்டுக்குள் தேடுதலுக்கு வந்திருந்தது. உச்சி வேளைக்கு முன்னால் எல்லோரும் வேலிக்குள் வந்துவிட வேண்டும் என்று உத்தரவு. வேலையை மட்டும் குறைக்கவில்லை. அதே மரங்கள், அதே பால், நேரம்தான் கம்மி. எங்களை வேலை வாங்குகிற மண்டோர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, "ஓடுங்க, ஓடுங்க! கேட்ட சாத்திட்டா அப்புறம் நான் பொறுப்பில்ல!" என்று கத்தினார். இரண்டு வாளி நிறையப் பாலோடு ஓடினேன். பெரிய கால்வாய்க்கு மேல் ஒற்றைப் பலகை போட்டிருக்கும். மழை பெய்து பாசி பிடித்திருந்தது. கால் வழுக்கியது. உட்கார்ந்த வாக்கிலேயே கால்வாய்க்குள் விழுந்தேன். தோளில் இருந்த பாரம் முழுவதும் என்மேல் இறங்கியது. காய்ந்த குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அது வெளியே கேட்டதா, எனக்குள் கேட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மண்டோர் கால்வாய்க் கரையில் நின்று எட்டிப் பார்த்தார். "அடிப்பாவி, பாலக் கொட்டிட்டியே!" அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அன்றைக்குத்தான் டிரசர் சுளுக்கு என்றார். தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனேன். சீவ முடியவில்லை என்றதும் புல் வெட்ட அனுப்பினார்கள். குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் மூச்சு விட முடியாது. பிறகு ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. இடது காலில் எறும்பு ஊறுவதுபோல இருந்தது. அப்புறம் அந்த எறும்பும் தெரியாமல் போயிற்று.

சவரிமுத்து டிரசரிடம் போனார். வாயில்லாப் பூச்சி என்று லயத்தில் பேரெடுத்த மனிதர்.

"ஐயா, அவ காலு மரத்துப் போச்சுங்கிறா. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைங்க."

"ஏன்யா, பொண்டாட்டிக்கு லீவு வேணும்னா லீவுன்னு கேளு. காலு மரத்துச்சு, கையி மரத்துச்சுன்னு எங்கிட்ட கதை சொல்லாத."

"கதை இல்லீங்க ஐயா. வந்து பாருங்க."

"போய் வேலையப் பாருய்யா."

அவர் வேலையைப் பார்க்கப் போகவில்லை. டிஸ்பென்சரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "புகைக்கூட்டுல தீ அவிஞ்சா அவியட்டும். லோரி வர்ற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்" என்றாராம். தீ அவிந்தால் ஷீட்டு பூசணம் பிடித்துவிடும். துரைக்குச் செய்தி போனது. கொஞ்ச நேரத்தில் லோரி வந்தது. எனக்காக வரவில்லை, ஷீட்டுக்காக வந்தது. அதை நான் மறக்கவே மாட்டேன்.

எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றி, அதன்மேல் பாய் விரித்து என்னைப் படுக்கவைத்து லோரியில் ஏற்றினார்கள். லூர்து தன் தலையணையைக் கொண்டுவந்து என் முதுகுக்கு அடியில் மெதுவாகச் செருகினாள். கேட்டில் லோரியை நிறுத்தினார்கள். காவல்காரன் ஒருவன் ஏறி, பாயைத் தூக்கிப் பார்த்தான். எங்கே போகிறது என்று லோரி ஓட்டியிடம் கேட்டான். பிறகு தலையணையைக் காட்டி, "இதுக்குள்ள என்ன? அரிசியா?" என்றான்.

"பஞ்சு ஐயா, பஞ்சு" என்றார் சவரிமுத்து.

அவன் நம்பவில்லை. தலையணையை உருவினான். நான் போட்ட அலறல் கேட்டு லயமே வெளியே வந்ததாம். கத்தியால் தலையணையைக் கிழித்தான். இலவம்பஞ்சு காற்றில் பறந்து எங்கள் எல்லோர் தலையிலும் விழுந்தது. "சரி, போ" என்று இறங்கிவிட்டான். கிழிந்த உறையை மடித்து வைத்துவிட்டு, சவரிமுத்து தன் கையையே என் முதுகுக்கு அடியில் கொடுத்தார். பட்டணம் வரும்வரை அவர் அந்தக் கையை எடுக்கவில்லை. இறங்கும்போது அவர் கை நீலம் பாரித்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் நடைபாதை ஓரமாகக் கதவோடு என்னைக் கிடத்தினார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். மண்ணெண்ணெய் மாதிரி ஏதோ வாசனை. எங்கோ ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் வெள்ளைக்காரர், இளவயதுக்காரர். காலைச் சுரண்டிப் பார்த்தார், முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார், ஊசியால் விரல் விரலாகக் குத்தி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருவர் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார்.

"இது சுளுக்கு இல்லை அம்மா. முள்ளந்தண்டு எண்டது ஒரே எலும்பு இல்லை. சின்னச் சின்னக் கட்டையா அடுக்கின மாதிரி. அதில ஒரு கட்டை நசுங்கிப்போச்சு. அதுக்குப் பின்னாலதான் காலுக்குப் போற நரம்பு எல்லாம் போகுது. இந்த எலும்போட நீங்கள் குனிஞ்சு புல்லு வெட்டினதாலதான் கால் மரத்தது. நல்ல காலம், நரம்பு இன்னும் அறேல்லை."

"நடப்பேனாம்மா?"

அவர் டாக்டரிடம் கேட்டுவிட்டு, "நடக்கலாம் எண்டுதான் சொல்லுறார்" என்றார். அந்த 'தான்' என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்த வெக்கையில் அது ஒரு உலை. உள்ளே அரித்தால் சொறிய வழியில்லை. திரும்ப முடியாது, உட்கார முடியாது. கூரையில் ஓடும் பல்லிகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சுளுக்கு என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையை மனசுக்குள் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ரொக்கியா என்று ஒரு மலாய்க்காரப் பெண். கம்போங் குவாந்தான் என்ற ஊர்க்காரி. தென்னை மட்டை விழுந்து தோள் உடைந்து கிடந்தாள். எனக்குத் தெரிந்த, சந்தையில் பேசுகிற பசார் மலாயில் பேசிக்கொள்வோம். சவரிமுத்து வேலிக்கு வெளியே போகப் பாஸ் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். நோயாளிக்கு என்றால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி லூர்து ரசம் வைத்துக் கொடுத்தால் கேட்டிலேயே கொட்டிவிடுவார்கள். அதனால் வெறுங்கையோடு வந்து, பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வருவார். ரசம் எப்படி இருந்தது என்று லூர்து கேட்பாளாம். நன்றாக இருந்ததாக நான் சொன்னேன் என்று பொய் சொல்வாராம். ஏன் என்று கேட்டேன். "அவ வைக்கிறத நிறுத்திட்டா, உன்ன நினைக்கிறதயும் நிறுத்தின மாதிரி ஆயிரும்ல" என்றார்.

ஒருமுறை ரோசியை அழைத்து வந்தார். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். வெளியே ஜன்னலுக்குக் கீழே நின்று அவளைத் தோளில் தூக்கிக் காட்டினார். "அம்மா, அம்மா" என்கிற குரல் மட்டும் கேட்கிறது. மாவுக்கட்டோடு என்னால் திரும்ப முடியவில்லை. நான் அழுவதைப் பார்த்த ரொக்கியா, தன் பவுடர் டப்பாவைத் திறந்து அதிலிருந்த கண்ணாடியை நல்ல கையால் எனக்கு நேரே பிடித்தாள். உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதற்குள் என் பிள்ளையின் பாதி முகம். பார்வை நேரம் முடியும்வரை ரொக்கியா கையை இறக்கவில்லை.

மாவுக்கட்டைப் பிரித்தபோது என் முதுகு எனக்கே சொந்தமில்லாதது போல இருந்தது. சதையெல்லாம் வற்றிவிட்டது. எழுந்து நிற்கும்போது யாரோ நடுவில் மடக்குகிற மாதிரி இருந்தது. என்னை உடற்பயிற்சி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் மிஸ் லிம். சீனப் பெண், என்னைவிடச் சிறியவர், ஆனால் குரலில் மண்டோரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். சுவரில் ஒரு கப்பி. அதன் வழியாக ஒரு கயிறு. ஒரு முனையில் இரும்புத் தட்டுகள், மறுமுனையில் மரப்பிடி. தாழ்வான பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே உள்ள பலகையில் பாதங்களை ஊன்றி, பிடியை வயிற்றுப் பக்கம் இழுக்க வேண்டும். படகு வலிப்பது மாதிரி.

"எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்கச் சதை வேண்டும். இந்தக் கயிறு உன் முதுகுக்குச் சதை கொடுக்கும்" என்று மலாயில் விளக்கினார். முதல்நாள் தட்டே மாட்டவில்லை. வெறும் கயிறு. அதை இழுக்கவே எனக்குக் கண்ணீர் வந்தது.

"தாரிக்!" என்பார். இழு. விடும்போது, "பெலான், பெலான்." மெல்ல, மெல்ல. நெஞ்சை நிமிர்த்தி, பின்தோள் எலும்புகள் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து இழுக்க வேண்டும். கையால் இழுத்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். முதுகு வளைந்தால் ஓங்கி ஒரு சத்தம். இழுப்பதைவிட மெல்ல விடுவதுதான் கஷ்டம். கயிறு என்னைத் தன் பக்கம் பிடுங்கும். நான் விடாமல் நிமிர்ந்து இருக்க வேண்டும்.

வார்டுக்குத் திரும்பி ரொக்கியாவிடம் சொன்னேன். அவள் புருஷன் ஆற்றில் சம்பான் படகு வலிக்கிறவன். "மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறாயா? அதுதான் வலிக்கிறது. இழுக்கும்போது மூச்சை விடு" என்றாள். மறுநாள் அப்படிச் செய்தேன். மிஸ் லிம் ஒரு தட்டை எடுத்து மாட்டினார். அவர் பாராட்டு அதுதான்.

ஒவ்வொரு தட்டாக ஏறியது. ஊன்றுகோல் இல்லாமல் கழிப்பறைவரை நடந்தேன். பிறகு முற்றம்வரை. இனி நடப்பேன் என்று எனக்கே நம்பிக்கை வந்த சமயத்தில்தான் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். எங்கள் எஸ்டேட் சின்ன துரையும், டிரசரும். நான் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். சின்ன துரை வாசலில் நின்று பார்த்தார். கிட்டே வந்து சப்பாத்து முனையால் இரும்புத் தட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"ஏய், பொம்பளே! நல்லா இழுக்குது! முதுகு ரொம்ப நல்லா இருக்குது!" அவருக்குத் தெரிந்த எஸ்டேட் தமிழ். "இவ்வளவு இழுக்குது, பால் வாளி தூக்க முடியாதா?"

"அதான் துரை, நான் அப்பவே சொன்னேன்" என்றார் டிரசர்.

என் நாக்கு ஒட்டிக்கொண்டது. எத்தனையோ நாள் மல்லாந்து கிடந்து மனசுக்குள் அரைத்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. என்னைக் குணப்படுத்துவதற்காக நான் அழுதழுது இழுத்த கயிற்றை, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிட்டார்கள். மிஸ் லிம்தான் பேசினார். இங்கிலீஷில் என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. அவர் கழுத்து சிவந்ததைப் பார்த்தேன். டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். டாக்டர் சின்ன துரையிடம் நிதானமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நர்ஸ் எனக்குப் பிறகு சொன்னார்: "ஒருத்தி மருந்து குடிக்கிறாள் எண்டதுக்காக அவளுக்கு வருத்தம் நோய் ஒண்டுமே இல்லையெண்டு சொல்லுவீங்களோ எண்டு கேட்டவர். முன்னுக்கு இழுக்கிறது வேற, தோளில பாரம் இறங்கிறது வேற. இந்த வருசம் முழுக்க நீங்கள் தோளில ஒண்டும் சுமக்கக் கூடாது."

போகும்போது சின்ன துரை என்னைப் பார்த்து, "எஸ்டேட்ல என்ன வேலைன்னு நான் சொல்றது. டாக்டர் இல்லே" என்றார்.

சொன்னபடியே செய்தார். நான் திரும்பிப் போன முதல் நாள், விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில், மண்டோர் என் பேரைக் கூப்பிட்டுக் காண்டா கம்பை நீட்டினார். இருட்டு விலகாத நேரம். எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள்.

"மரம் சீவுறேன். பாலும் எடுத்து வைக்கிறேன். தோளுல தூக்க மாட்டேன்" என்றேன்.

"தூக்க மாட்டேன்னா? இது என்னடி பேச்சு? யாரு சொல்லிக் கொடுத்தா? காட்டுக்காரனா?"

வரிசை அப்படியே உறைந்துவிட்டது. அந்தக் காலத்தில் அந்த ஒரு வார்த்தை போதும். விசாரணை இல்லாமல் பிடித்துப் போட்டுவிடுவார்கள், கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எந்த ஊருக்கு? நான் பிறந்ததே இந்த லயத்தில்.  ஆனால் அன்றைக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

"சொல்லிக் கொடுத்தது வெள்ளைக்கார டாக்டரு. வேணும்னா அவரப் போய்ப் புடிச்சிட்டுப் போ."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். மண்டோர் கம்பைக் கீழே போட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

லூர்து என் வாளிகளையும் சேர்த்துத் தான் தூக்குவதாகச் சொன்னாள். "உன் முதுகு என்ன இரும்பா? வேணாம்" என்றேன். பாலை எடுத்து மர நிரையின் ஓரத்தில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். வெயிலில் பால் கட்டியாகிப்போனது. மறுநாளும் அப்படியே. என்னைத் திட்டினார்கள், மிரட்டினார்கள். சவரிமுத்துவின் வேலையைப் பிடுங்கிவிடுவோம் என்றார்கள். அவரோ சாயங்காலம் சுடுதண்ணீர் வைத்துத் துணியை நனைத்து என் முதுகில் ஒத்தடம் கொடுத்தார். கடைசியில் பெரிய துரை, கெட்டுப்போகிற பாலைக் கணக்குப் பார்த்து, என்னைப் புகைக்கூட்டில் ஷீட்டு பிரிக்கிற வேலைக்கு மாற்றினார். "துரை உனக்கு இரக்கம் காட்டியிருக்காரு, போய் ஒரு கும்பிடு போடு" என்றார் மண்டோர். நான் போகவில்லை. இரக்கமாம்!

மிஸ் லிம் பயிற்சியை நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். சவரிமுத்து எங்கிருந்தோ ஒரு பழைய கிணற்றுக் கப்பியைக் கொண்டுவந்து வாசல் தூணில் ஆணியடித்து மாட்டினார். கயிறு கட்டினார். தட்டுக்குப் பதிலாக ஒரு பிஸ்கட் தகரத்தில் மணல். வேலை முடிந்து வந்ததும் பலகையில் உட்கார்ந்து இழுப்பேன். ரோசி பக்கத்தில் நின்று, "தாரிக்! பெலான், பெலான்!" என்று எனக்கு உத்தரவு போடுவாள்.

ஒரு மத்தியானம் லயத்தைச் சோதனை போட வந்தார்கள். எல்லோரையும் வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். அரிசிப் பானை, துணி மூட்டை, கோழிக்கூண்டு என்று ஒன்று விடாமல் கிளறினார்கள். எங்கள் வாசலுக்கு வந்ததும் கயிற்றையும் கப்பியையும் மணல் தகரத்தையும் பார்த்துவிட்டு அதிகாரியைக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரி. கூட வந்த தமிழ்க் காவல்காரன் கேட்டான்.

"என்ன இது? ராத்திரியில வேலிக்கு மேல சாமான் ஏத்தி அனுப்புறியா?"

"முதுகுக்குய்யா" என்றேன்.

"முதுகுக்கா?" அவன் திரும்பி அதிகாரியிடம் சொன்னான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் கயிற்றை அறுக்கக் கத்தியை எடுத்தான். சவரிமுத்து குறுக்கே போய் நின்றார். அவர் நெஞ்சில் துப்பாக்கியை வைத்துத் தள்ளினார்கள். ரோசி வீறிட்டாள்.

"அவர விடுங்க. நான் செஞ்சி காட்டுறேன்" என்றேன்.

"வேணாம் மேரி" என்றார் சவரிமுத்து. இத்தனை பேர் நடுவில் நான் தரையில் உட்காருவதை அவரால் தாங்க முடியவில்லை.

கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தேன். பாதங்களைத் தூணுக்கு அடியில் ஊன்றினேன். நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை விட்டு, இழுத்தேன். மணல் தகரம் மேலே ஏறியது. மெல்ல விட்டேன். மறுபடியும் இழுத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. லயம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. கப்பி கிறீச் கிறீச் என்று கத்துவது மட்டும்தான் கேட்டது. ரவிக்கைக்கு மேலே, மாவுக்கட்டின் விளிம்பு அறுத்த தழும்புகளை அந்த அதிகாரி பார்த்திருக்க வேண்டும். காவல்காரனிடம் ஏதோ முணுமுணுத்தார்.

"சரி, சரி. போதும். எந்திரி" என்றான் அவன்.

நான் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குச் செய்ய வேண்டியதில் பாதிதான் ஆகியிருந்தது. துப்பாக்கியோடு அவர்கள் வெயிலில் நின்றார்கள். மீதிப் பாதியையும் இழுத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.